உன் பெயரில் நான் ஊதிய மூச்சு

மச்சான், இன்று ஏரிக்கரை மேம்பாலத்துக்குக் கீழே நெரிசலில் அரை மணி நேரம் நின்றேன். கார்க் கண்ணாடியை இறக்கியதும் அறுத்த கொங்கிரீட் மணம் மூக்கில் அடித்தது. மறுபடியும் உடைக்கிறார்கள். அந்த இடத்திலேயே கத்தி அழவேண்டும் போலிருந்தது.

எத்தனை தரம்தான் இந்தப் பாலத்தைக் கட்டுவார்கள்? ஐம்பதுகளில் தொடங்கி அறுபதுகளில் முடித்ததாம். பனிக்குக் கொட்டுகிற உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் தின்ன, தூண்களுக்கு ஒட்டுப் போட்டார்கள். கிழக்கு முனையை இடித்து விழுத்தினார்கள். பிறகு மேல்தளத்தைத் துண்டு துண்டாக மாற்றினார்கள். நாங்கள் சேர்ந்தது தூண் வேலைக்கு. நான் சுத்தியலால் தட்டிப் பார்ப்பேன். உள்ளே கழன்று பொத்தெனச் சத்தம் வரும் இடத்தை நீ மெஷினால் உடைப்பாய். ஆளை ஆள் தெரியாத தூசி. மாஸ்க்கைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, "உந்தப் பாலம் எங்களுக்குச் சாகுமட்டும் சோறு போடுமடா" என்பாய்.

நீ இருமத் தொடங்கிய வருஷம்தான் கொம்பனி மூச்சுப் பரிசோதனை வைத்தது. கொம்பனி வான் வண்டிக்குள்ளே ஒரு நேர்ஸ், குழாயில் ஊதவேண்டும். சரிவராதவனுக்கு வேலை இல்லை. வவுனியாவில் இருந்த உன் மனைவியை இங்கே கூப்பிட நீ போட்ட ஸ்பொன்சர் அப்போது பாதியில் நின்றது. வேலை போய் வெல்ஃபெயர் என்று அரசாங்கக் காசு எடுத்தால் அதுவும் போய்விடும்.

"எனக்கும் நீயே ஊதடா. ஹெல்மெட் போட்டா எங்கட முகமெல்லாம் அவையளுக்கு ஒண்டுதான்."

"விசர்க்கதை கதையாதை," என்றேன். ஆனாலும் போனேன். காலையில் என் பெயரில் ஊதினேன். மத்தியானம் நேர்ஸ் மாறியதும் உன் பெயரில். நெஞ்சு சுகம் என்று தாள் தந்தார்கள். கடவுளே, அன்றைக்கு எப்படிச் சிரித்தோம்!

அந்தத் தாளோடு இன்னும் மூன்று வருஷம் தூசிக்குள் நின்றாய். அவள் வந்து சேர்ந்தபோது உனக்கு மாடிப்படி ஏற மூச்சில்லை. ஒக்சிசன் குழாயோடு கிடந்தபோதும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. தூஷணத்தால் ஏசியிருந்தாலாவது தாங்கியிருப்பேன்.

போன சனிக்கிழமை பிக்கரிங்கில் உன் வீட்டுக்குப் போனேன். நீ செத்த பிறகு உன் உடுப்புகளை ஒதுக்கும்போது உன் மனைவிக்கு அந்தத் தாள் அகப்பட்டதாம். தேத்தண்ணியை வைத்துவிட்டு அதை என் முன்னால் விரித்தாள்.

"அண்ணை, அப்ப இவருக்கு நெஞ்சு நல்லாத்தானே இருந்திருக்கு? நான் வந்த பிறகுதானே எல்லாம் வந்தது? நான் கால் வைச்ச நேரம் சரியில்லையோ?"

"சீ, என்ன கதை தங்கச்சி," என்றேன்.

"அப்ப ஏன் அண்ணை?"

டொக்டரிடம் காட்டிக் கேட்கிறேன் என்று பொய் சொல்லி அதை வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். இப்போதும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. சொன்னால் அந்த வீட்டு வாசலை நான் இனி மிதிக்க முடியாது. ஏலாமல் கிடக்கு மச்சான். நான் வாய் திறக்கும்வரை, உன்னைக் கொன்றது தான்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள்.