வில்காராவில் ஓர் ஓடுதளம்

வில்காரா பண்ணை,
வடக்கு குயின்ஸ்லாந்து
14 ஜூன் 1958

அன்புள்ள மேவிஸ்,

உன் அக்கா வீட்டில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே மாடுகளுக்குக் குறையில்லை.

ஒரு செய்தி. கிணற்றுக்கு மேற்கே உள்ள மேட்டில் விமானம் இறங்க ஓடுதளம் போடுகிறேன். நானேதான். கறையான் புற்றுகளைக் கடப்பாரையால் இடித்தேன். மரங்களைச் சங்கிலி கட்டி டிராக்டரால் பிடுங்கினேன். இப்போது தண்டவாளத் துண்டு ஒன்றை இழுத்து மண்ணைச் சமன் செய்கிறேன். பக்கத்துப் பண்ணை டன்ஃபி வந்து பார்த்து, "ஏண்டா கிளெம், ஒத்தை ஆளு இருக்கற இடத்துக்கு ஏரோப்ளேனா?" என்று சிரித்தான்.

காற்றின் திசை காட்ட ஒரு துணிப்பை தைக்க வேண்டும். உன் தையல் மெஷினில் நூல் கோக்கத் தெரியவில்லை. எழுதுவாயா?

உன் கிளெம்

பிரிஸ்பேன்
9 ஜூலை 1958

கிளெம்,

ஊசியில் இடமிருந்து வலமாகக் கோக்க வேண்டும். கெட்டித் துணிக்குப் பெரிய ஊசி இடது டிராயரில் இருக்கிறது.

இதோடு நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. நம் பெக்கி பிறந்த வருடமே அந்த மேட்டைக் காட்டி ஓடுதளம் கேட்டேன். "வேலி முடியட்டும், பாத்துக்கலாம்" என்றாய். ஆறு வருடம் உன் வேலி முடியவில்லை. குழந்தை காய்ச்சலில் என் மடியில் கிடந்தபோது டாக்டரின் விமானம் வீட்டுக்கு மேலே மூன்று தடவை சுற்றியது. "அம்மா, அது ஏன் எறங்க மாட்டேங்குது?" என்று கேட்டாள். அந்தச் சேற்றில் எங்கே இறங்கும்?

இப்போது யாருக்காகப் போடுகிறாய்?

மேவிஸ்

வில்காரா
22 பிப்ரவரி 1959

அன்புள்ள மேவிஸ்,

ஏழு மாதமாக எழுதி எழுதிக் கிழித்தேன்.

இந்த மழைக்கும் ஆறு கரை தாண்டிவிட்டது. செவ்வாய்க்கிழமை டன்ஃபி தன் மனைவி ஹில்டாவைக் குதிரையில் வைத்துக் கொண்டுவந்தான். எட்டு மாதம், ரத்தப்போக்கு. "கிளெம், உன் மேடு தாங்குமாடா?" என்றான். லாரியை முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். சக்கரம் புதையவில்லை. ரேடியோவில் டாக்டரைக் கூப்பிட்டேன். விமானம் இறங்கி, இருபது நிமிடத்தில் ஹில்டாவோடு எழும்பியது. தாயும் பெண் குழந்தையும் பிழைத்துவிட்டார்கள். டன்ஃபி என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். எனக்கு அழ வரவில்லை. மண்வெட்டியோடு போய், சக்கரத் தடங்களை மூடிக்கொண்டே இருந்தேன்.

யாருக்காக என்று கேட்டாய். பெக்கிக்காகத்தான். அன்றே போட்டிருக்கலாம். நான் போடவில்லை. இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். நீ கிளம்பிய அன்றுகூடக் குதிரைக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தேன்.

கிளெம்

பிரிஸ்பேன்
18 மார்ச் 1959

அன்புள்ள கிளெம்,

உன் கடிதத்தை அக்காவிடம் காட்டவில்லை.

அங்கே வந்து வாழ என்னால் முடியாது. மேகம் கறுத்தால் இங்கேகூட ஜன்னல்களை எல்லாம் சாத்திவிடுகிறேன். ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ஆனால் பெக்கியின் கல்லறையைப் பார்க்க வேண்டும். ஏப்ரல் எட்டாம் தேதி தபால் விமானத்தில் இடம் கேட்டிருக்கிறேன். "ஒரு மணி நேரம் நிறுத்தறேம்மா, அதுக்கு மேல முடியாது" என்றார் பைலட். அது போதும்.

அறை எதையும் ஒழித்து வைக்காதே. கைப்பையோடுதான் வருவேன். நீ எதுவும் பேச வேண்டாம். கல்லறைக்கு வந்து என் பக்கத்தில் நில்.

மேவிஸ்