மகளிடம் எடுத்த வசனம்

ஜூன் 3, செவ்வாய்

என் வசனத் தாள்களைத் தலைவி திருப்பித் தந்தார். பதினாறு இடங்களில் சிவப்பு மையில் ‘பழசு’ என்று எழுதியிருந்தது. ஓரிடத்தில் மட்டும் ‘ரொம்பப் பழசு’. எனக்கு மிகவும் பிடித்த வசனம் அதுதான்.

எங்கள் சேனலில் பதின்வயதுப் பிள்ளைகளுக்கான தொடர்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவுக்கு அவர் தலைவியாகி நான்கு மாதம் ஆகிறது. வயது இருபத்தெட்டு. நான் இந்த வேலைக்கு வந்தே இருபத்தொன்பது வருடம். கத்துகிற ஆளாக இருந்தால் நாமும் பதிலுக்குக் கத்தலாம். இவர் படுத்திருக்கும் நோயாளியிடம் பேசுவதுபோல மெல்லப் பேசுகிறார். “பசங்க இப்படிப் பேசறதில்ல சார். உங்க வீட்லயே ஒரு பொண்ணு இருக்கே, கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க” என்றார். இரண்டு வாரம் அவகாசம். அதற்குள் என் வசனத்துக்கு வயது குறையாவிட்டால் வேறு ஆள் பார்ப்பார்களாம்.

அலுப்பாக இருக்கிறது. கோபம் வந்தால்கூடத் தேவலை.

ஜூன் 5, வியாழன்

எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது எங்களுக்கென்று வாரத்துக்கு ஒரே நிகழ்ச்சி. ஞாயிறு மாலை ஐந்து மணி. கோட்டு போட்ட ஒருவர் மேசை விளிம்பில் சாய்ந்து நின்று “தம்பி தங்கைகளே” என்பார். எலுமிச்சம்பழத்தில் கம்பியைச் செருகிக் குட்டி விளக்கை எரியவைப்பார். கடைசியில் பொய் சொல்லக் கூடாது, நகம் கடிக்கக் கூடாது என்று ஓர் உபதேசம். நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் எங்களிடமிருந்து எதையும் எடுத்துக்கொண்டதும் இல்லை.

நான் எழுத வந்த காலத்தில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். ஐந்து பிள்ளைகள், ஐந்து சைக்கிள், வாரம் ஒரு திருடன். பெரியவர்கள் எல்லாரும் அசடுகள். பிறகு போட்டி நிகழ்ச்சிகள் வந்தன. எட்டு வயதுப் பிள்ளை ஆடும், தோற்கும், அழும். கேமரா கிட்டே போகும். தொகுப்பாளர் எந்த வார்த்தை சொன்னால் குழந்தை அழும் என்று எழுதிக் கொடுத்ததும் நான்தான். இப்போது எட்டு நிமிட எபிசோட். முதல் பத்து விநாடிக்குள் யாருக்காவது வலிக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள்.

காரில் மகளிடம் இதைச் சொன்னேன். பாவமாகப் பார்த்தாள். எங்கள் தொடரை அவள் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் பார்ப்பாளாம். நான் யோசித்து யோசித்து வைத்த மௌனமெல்லாம் அங்கே ஒரு தும்மல் அளவுக்குக்கூட வராது.

ஜூன் 9, திங்கள்

மகளுக்குப் பதினாறு வயது. வீட்டில் வாயைத் திறக்கமாட்டாள். காலையில் நான் பள்ளிக்குக் கொண்டுபோய் விடும் இருபது நிமிடம்தான் அவள் பேசும் நேரம். என் கண் சாலையில் இருக்கும், அவள் கண் சாலையில் இருக்கும்; அதனால் வசதி போலும்.

இன்று கவனித்துக் கேட்டேன். ‘விடு’ என்ற ஒரே சொல்லை நான்கு விதமாகச் சொல்கிறாள். ஒன்றில் கோபம், ஒன்றில் மன்னிப்பு, மற்ற இரண்டும் எனக்குப் புரியவில்லை. பெரிய விஷயத்தைச் சொல்லும்போது குரல் சின்னதாகிறது. சொல்லி முடித்ததும் உடனே வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறாள். நாங்களெல்லாம் அழுத்தமான விஷயத்துக்குப் பின்னால் இசை சேர்த்தோம்.

அவள் இறங்கியதும் அடுத்த திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, பெட்ரோல் ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.

ஜூன் 20, வெள்ளி

திருத்திய தாள்களில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. “இப்பதான் சார் உயிர் வந்திருக்கு” என்றார் தலைவி. இருபத்தெட்டு வயதுப் பெண்ணின் பாராட்டுக்கு ஐம்பத்துமூன்று வயது மனம் இப்படியா குதிக்கும்? குதித்தது.

மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். நிதானமாகக் கேட்டுவிட்டு, “அவளுக்குத் தெரியுமா? நாங்க ஊசி குத்தறதுக்கு முன்னாடி கையெழுத்து வாங்குவோம்” என்றாள். சிரித்து மழுப்பிவிட்டேன்.

ஜூலை 2, புதன்

இன்று காரில் சொன்னது. அவள் வகுப்பில் ஒரு பெண். எப்போது பார்த்தாலும் போனும் கையுமாகப் பேசிக்கொண்டே இருப்பதால் மைனா என்று பட்டப்பெயர். இடைவேளை முழுக்க மைதானத்துச் சுவரோரம் நடந்துகொண்டே பேசுவாளாம். யாரோ காதலன் என்று எல்லாருக்கும் நினைப்பு. போன வாரம் என் மகளிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அந்தப் போனில் சிம்மே கிடையாது. மறுமுனையில் யாரும் இல்லை. தனியாக உட்கார்ந்திருந்தால் எல்லாரும் பார்க்கிறார்கள், போனில் பேசினால் யாரும் பார்ப்பதில்லை என்றாளாம். மணி அடிக்கப் போகும்போது அந்தப் போனிடம், “வச்சுடாத... இன்னும் ரெண்டு நிமிஷம்” என்பாளாம்.

சின்னக் குரலில் சொன்னாள். சொன்னதும், கணக்கு வாத்தியார் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறார் என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நல்ல வசனம் கையில் கிடைத்தால் வருகிற அதே சிலிர்ப்பு என்று எனக்கே தெரியும். அடுத்த திருப்பத்தில் நிறுத்தினேன்.

ஜூலை 4, வெள்ளி

எழுதிவிட்டேன். மூன்று பக்கம். அடித்தல் திருத்தல் இல்லை.

ஜூலை 7, திங்கள்

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு முறை உண்டு. நிஜத்திலிருந்து எடுத்தால் நான்கு இடத்தில் மாற்ற வேண்டும். மாற்றினேன். பெண்ணைப் பையனாக்கினேன். பள்ளி மைதானத்தைப் பேருந்து நிலையமாக்கினேன். வயதில் இரண்டைக் குறைத்தேன். ஓர் அண்ணனைச் சேர்த்தேன். இனி அந்தப் பெண்ணே பார்த்தாலும் தெரியாது.

அந்தக் கடைசி வசனத்தை மட்டும் மாற்றவில்லை. எட்டு விதமாக எழுதிப் பார்த்தேன், எதிலும் உயிர் இல்லை. தலைவி என் அறைக்கே வந்து கை கொடுத்தார். இந்த வரி எப்படி சார் வந்தது என்று கேட்டார். “தானா வந்தது” என்றேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஒளிபரப்பானது. இரண்டு மணி நேரத்தில் அந்தக் கடைசிக் காட்சியைத் தனியே வெட்டி இணையத்தில் போட்டுவிட்டார்கள். அலுவலகத்தில் எல்லாரும் அதையே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மகளுக்குத் தேர்வு, பார்க்கவில்லை. நல்லதென்றுதான் நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன்?

ஆகஸ்ட் 11, திங்கள்

மாலை. மகள் பையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாள்.

வகுப்பில் எல்லாரும் அந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறார்கள். இடைவேளையில் மைனா சுவரோரம் போனதும், பின்னாலேயே இரண்டு பேர் போய் அந்த வரியைச் சொல்லியிருக்கிறார்கள். மணி அடிக்கும் நேரத்தில் அவள் அப்படிச் சொல்வதை வகுப்பே தினமும் கேட்டதுதானே. எனக்குத்தான் அது தெரியாது. பிறகு ஒருத்தி விளையாட்டுப் போலப் போனைப் பிடுங்கி, பின்மூடியைத் திறந்து, சிம் இல்லாததைப் பார்த்திருக்கிறாள்.

“அவ யாரையும் திட்டலப்பா. அழல. திரும்பி என்னை மட்டும் பாத்தா. அவ சொன்னது என் ஒருத்திகிட்டதானே.”

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அது பையன், அது பேருந்து நிலையம், யாருக்கும் தெரியக் கூடாதென்று நான்கு இடத்தில்... முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் எப்படி மறைத்தேன் என்று விளக்கம் வேறு சொல்கிறேன்.

“உங்ககிட்ட சொன்னேன்ப்பா. டிவிக்குச் சொல்லல” என்றாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

என்ன பண்ணிட்டேன் நான். ஒரு வரி — ஒரே ஒரு வரி. அதை மாத்தியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? யாருக்குத் தெரியப்போகுது, அந்த வரி கொஞ்சம் மட்டமா இருந்துட்டுப் போகட்டுமே. நல்லா இருக்குன்னுதானே வச்சேன். நல்லா இருக்குன்னு.

இன்று அவள் பேருந்தில் போனாள்.

ஆகஸ்ட் 13, புதன்

தலைவியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். காட்சியை எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் முகம் உண்மையாகவே வாடியது. பிறகு போனை என் பக்கம் திருப்பி, கீழே பிள்ளைகள் எழுதியிருப்பதைக் காட்டினார். ‘நானும் இப்படித்தான்.’ ‘நான் மூன்று வருடமாக.’ ‘நான் மட்டும்தான் என்று நினைத்தேன்.’ நூற்றுக்கணக்கில். இத்தனை பிள்ளைகளுக்கு இது துணையாக இருக்கிறதே சார், இதை எப்படி எடுப்பது என்று கேட்டார்.

அந்தப் பிள்ளைகள் எழுதியது பொய்யில்லை. ஆனால் அவர்களுக்குத் துணை கொடுக்க ஒருத்தியிடம் இருந்த ஒரே துணையையும் பறித்தாயிற்று. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். ஓநாய் அவர் இல்லை. நான்.

காட்சி அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 20, புதன்

மைனா ஏழு நாளாகப் பள்ளிக்கு வரவில்லையாம். மனைவி சொல்லித்தான் தெரியும். மகளிடமிருந்து எனக்கு வருவது ‘ம்’, ‘இல்ல’, ‘தெரியாது’ மூன்றும்தான். சாப்பாட்டு மேசையில் நான் வந்து உட்கார்ந்தால் அம்மாவும் மகளும் பேசிக்கொண்டிருந்தது நின்றுவிடுகிறது. கோபத்தில் நிறுத்தவில்லை. யாரோ அந்நியர் வந்துவிட்டால் நிறுத்துவோமே, அப்படி.

அந்தப் பெண் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். மகள் நிமிர்ந்து பார்த்தாள். “வேணாம். போனா அதையும் பாத்துட்டு வருவீங்க.”

தட்டை எடுத்துக்கொண்டு எழும்போது அவளே சொன்னாள்: “நீங்க கேக்கறதில்லப்பா. எடுத்துக்கறீங்க.”

ஆகஸ்ட் 22, வெள்ளி

இருபத்தொன்பது வருடத்தில் யாரும் எனக்கு இவ்வளவு சுருக்கமாக ஒரு வசனம் தந்ததில்லை.

பார்த்தாயா. இதையும் வசனம் என்கிறேன்.

செப்டம்பர் 1, திங்கள்

போன் பையனுக்கு இன்னும் ஆறு எபிசோட் வேண்டுமாம். மேலிடமே கேட்டிருக்கிறது. என் பெயரை முதலில் போடுவார்கள். தலைவி ரொம்பத் தயங்கித்தான் கேட்டார். “அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்கான்னு உங்க வீட்ல ஏதாவது தெரிஞ்சா... அதுக்கு மரியாதையா ஏதாவது பண்ணலாம் சார்.” அவருக்கு அது தவறாகப் படவில்லை. ஜூலையில் எனக்கும் பட்டிருக்காது.

எழுதமாட்டேன் என்றேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். பதின்வயதுத் தொடர் எதுவுமே இனி எழுதவில்லை என்றும் சொன்னேன். இந்த வயதில் வேறென்ன தெரியும் எனக்கு?

வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னேன். மகளிடம் சொல்லவேண்டாம் என்றேன். சொன்னால் அதற்குக் கூலி கேட்பதுபோல் ஆகிவிடும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மூன்று வயதுக் குழந்தைகளுக்கான பொம்மைப் படப் பிரிவில் போட்டுவிட்டார்கள். வேறு மொழியிலிருந்து வரும் படங்களுக்கு உதட்டசைவு பார்த்து வசனம் பொருத்த வேண்டும். இன்று முழுவதும் பேசும் கத்தரிக்காய் ஒன்றுக்கு. கத்தரிக்காயிடம் ரகசியம் ஏதும் இல்லை. அதன் அப்பாவும் கத்தரிக்காய்தான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மைனா திரும்ப வந்துவிட்டாளாம். வேறு பிரிவுக்கு மாற்றித் தரக் கேட்டிருக்கிறாள். மகள் இடைவேளையில் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். “பரவால்ல” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாளாம். சுவரோரம் இப்போதும் நடக்கிறாள், கையில் போன் இல்லை.

இதெல்லாம் மனைவி வழியாக. இதை நான் எழுதலாமா? தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 25, வியாழன்

கத்தரிக்காய் இன்று நீந்தக் கற்றுக்கொண்டது. அலுப்பு.

அக்டோபர் 4, சனி

மகளுக்கு ஒரு வாரமாகத் தலைவலி. மனைவிக்குக் காலைப் பணி. வேறு வழியில்லாமல் கண் மருத்துவரிடம் நான் கூட்டிப்போனேன். அவள் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாவை விரியும்வரை ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்காரச் சொன்னார்கள். நீளமான கூடம், சுவரோடு பொருத்திய நாற்காலிகள். எதிர்ச் சுவரில் சத்தமில்லாமல் டிவி ஓடியது, குழந்தைகள் சேனல்தான். தலையைச் சுவரில் சாய்த்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். ஐந்து வயதில் தூங்குவது போலவே இருந்தது முகம்.

கால் மணி கழித்து, கண்ணைத் திறக்காமலே கேட்டாள். “அம்மா சொன்னா. அந்தத் தொடரை எழுத மாட்டேன்னு சொல்லிட்டீங்களாமே.”

“ஆமா.”

“எனக்காகவா?”

“தெரியலம்மா. எழுதினா திரும்பவும் எடுத்துடுவேன்னு பயமா இருந்தது.”

மருந்து கன்னத்தில் வழிந்தது. துடைக்கக் கைக்குட்டையைக் கொடுத்தேன். துடைத்துவிட்டுச் சின்னக் குரலில் பேசத் தொடங்கினாள். மைனாவைப் பற்றி இல்லை, அவளைப் பற்றி. அவள் கண் மூடியிருந்தது. நான் என்ன செய்கிறேன் என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். நடுவில் தாதி வந்து இன்னொரு சொட்டு விட்டுப் போனபோது நிறுத்தினாள், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

நாற்பது நிமிடம் பேசினாள். என்ன சொன்னாள் என்பதை எழுதப்போவதில்லை.