அரை கிலோ ஊர் மண்

டிக்கெட் கிழித்த கையாலேயே எனக்குத் தலை பின்னிவிட்ட என் செல்ல அப்பாவுக்கு,

நலமா என்று கேட்டால் சிரிப்பீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். பதினொன்றாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு, இந்த மே மாதம் இரண்டு வாரம் பல்கலைக்கழகத்தில் இருந்துவிட்டு வந்தேன். உங்கள் மகள்தான், நம்புங்கள்.

மதுரைக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடத்துகிற கோடைப் பயிற்சி அது. விடுதியில் தங்கி, ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து, கடைசி நாளில் கண்டுபிடித்ததை எல்லார் முன்னாலும் பேச வேண்டும். நான் மண் பிரிவைக் கேட்டு வாங்கினேன். நீங்கள் கண்டக்டராகப் போன திருவேங்கடம் டவுன் பஸ்ஸில் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து, வெடித்துக் கிடக்கும் கரிசலைக் காட்டி, கால் உள்ளே போனால் செருப்பு திரும்பி வராது என்பீர்களே. அந்தச் செருப்பு எங்கே போகிறது என்று எனக்கு அன்றிலிருந்தே சந்தேகம்.

நம் வீட்டு வழக்கம் ஞாபகம் இருக்கிறதா? எதைக் கேட்டாலும் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுப்பீர்கள். பஸ்ஸுக்கு உள்ள சட்டம்தான் வீட்டுக்கும்: ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. நீங்கள் போன இந்த இரண்டு வருஷமாக விசில் பீரோவுக்குள், உங்கள் காக்கிச் சட்டைப் பையிலேயே கிடக்கிறது. யாரும் தொடவில்லை.

விசில் இல்லாத வீட்டில் யார் சொல்வது சட்டம்? எனக்கு வெளியூரில் போய்ப் படிக்க ஆசை. சித்தப்பா, பெண் பிள்ளைக்கு உள்ளூர்க் காலேஜ் போதும் என்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை. நீங்கள் இல்லாத வீட்டுக்குத் தான்தான் பொறுப்பு என்று நினைக்கிறார், கொஞ்சம் அதிகமாகவே நினைக்கிறார். அம்மாதான் நடுவில் ஒரு வழி சொன்னாள்.

"ரெண்டு வாரம் இருந்து பாரு. நடுவுல முடியலன்னு ஒரு போன் வந்துச்சோ, காலேஜ் இங்கனதான். பெறகு மூச்சு விடக்கூடாது."

ஆக, நான் பெட்டி கட்டியது இரண்டு வாரத்துக்கு இல்லை அப்பா. அதற்குப் பிறகு வரப்போகிற அத்தனை வருஷத்துக்கும்.

வரும்போது அவரவர் ஊர் மண் அரை கிலோ கொண்டு வர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். விடுதிப் படிவத்தை நிரப்பிக்கொண்டே, "எம்மா, ஊர் மண்ணு அரை கிலோ வேணும்" என்றேன். அம்மா மறுநாளே பேப்பரில் பொட்டலம் மடித்து, நூல் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாள். நான் பிரித்துப் பார்க்கவில்லை. போய் இறங்கியதும் பேர் எழுதிக் கொடுத்துவிட்டு, நம் கரிசலைப் பற்றி இரண்டு நாள் பெருமை அடித்தேன். அந்த வாய் உங்களிடமிருந்து வந்ததுதான்.

மூன்றாம் நாள் பேராசிரியை பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே வெளுத்த பழுப்பில், சலித்த மாவு போல, லேசான திருநீற்று வாசனையோடு ஒரு மண்.

"இதுதான் நீ சொன்ன கரிசலா?" என்றார்.

உங்களுக்குப் புரிந்திருக்கும். நம் ஊரிலிருந்து வெளியூருக்கு மண் போகிறது என்றால் அது சங்கரநாராயணர் கோவில் புற்றுமண் தவிர வேறென்ன? எல்லோரும் நெற்றிக்கு ஒரு கீற்று, வயிற்று வலிக்கு ஒரு சிட்டிகை என்று வாங்குகிற இடத்தில் அம்மா எப்படி அரை கிலோ கேட்டு வாங்கினாள்? "மேடம், இது சாப்பிடுற மண்ணு" என்றேன். ஆய்வுக்கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய?

விருதுநகர்ப் பிள்ளை ஒருத்தி தன் கரிசலில் பாதி தருகிறேன் என்றாள். யாருக்கும் தெரியாது. வாங்கினால் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டாம், வெளியூர்க் காலேஜுக்கும் ஆபத்தில்லை. ஆனால் அவள் ஊர் மண்ணுக்கு நம் ஊர்ப் பேரை எழுத எனக்குக் கை வரவில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் போனை எடுத்தேன்.

"எம்மா, நான் நல்லா இருக்கேன். அழல. மண்ணுதான் மாறிப்போச்சு."

"ஏட்டி, நீதான ஊர் மண்ணுன்னு சொன்ன? வெளியூருக்குப் போற பிள்ளைக்கு வேற எந்த மண்ணக் குடுத்து விடுவாவ?"

கோபப்பட முடியுமா அப்பா இந்த அம்மாவிடம்? நம் ஊர்ப் பக்கம் குருவிகுளத்தில் மாமாவின் கரிசல் காட்டுக்குப் போகச் சொன்னேன். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, நாலு மூலையிலும் நடுவிலும் ஒரு சாண் ஆழத்தில் எடுத்து, ஒன்றாகக் கலக்கி அனுப்பச் சொன்னேன். அம்மா போனை வைத்துவிட்டாள். இது அந்தப் போன் கணக்கில் சேருமா, சேராதா?

மறுநாள் மத்தியானம் பல்கலைக்கழக வாசலில் அம்மா நிற்கிறாள், உரச்சாக்கில் பத்து கிலோவோடு. சாக்கில் என்ன என்று காவலாளி கேட்டதற்கு மண் என்றாளாம். அவர் நம்பவில்லை, அவிழ்த்துக் காட்டியிருக்கிறாள். ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். எப்படி எடுத்தீர்கள் என்று பேராசிரியை கேட்டார்.

"நாலு மூலையிலயும் நடுவுலயும் எடுத்தேன். எம் பிள்ள சொன்னா, அப்படியே செஞ்சேன்."

இப்படித்தான் எடுக்க வேண்டும் என்று பேராசிரியை மற்ற பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தாள். பத்தாம் வகுப்பு மார்க்குக்குக் கூட அப்படிப் பார்த்ததில்லை.

கடைசி நாள் மேடையில் இரண்டு மண்ணையும் வைத்துப் பேசினேன். கரிசல் ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கி வெடிப்பதையும், கறையான் பூமிக்கடியிலிருந்து நுண்மண்ணை மேலே கொண்டுவந்து புற்றாகக் கட்டுவதையும் சொன்னேன். மழை பெய்து வெடிப்பு மூடினால் உங்கள் செருப்பு உள்ளேதான் இருக்கும் என்பதும் தெரிந்துவிட்டது. அந்த மண்ணைச் சாப்பிடலாமா என்று ஒருவர் கேட்டார். அளந்து பார்த்ததை மட்டும்தான் நான் சொல்வேன், மற்றதை எங்கள் அம்மாவிடம் கேளுங்கள் என்றேன்.

ஊர் வந்த மறுநாள் காலையில் சித்தப்பா வந்தார். காபியை வாங்கிக்கொண்டு, "போன் வந்துச்சாமே மைனி. அப்போ பேசுனபடிதான?" என்றார்.

அம்மா உள்ளே போனாள். பீரோக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. விசிலோடு வெளியே வந்தாள். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி ஊதினாள். ஒன்று. அத்தோடு நிறுத்தி மூச்சு வாங்கினாள். எனக்கு உயிரே போய்விட்டது அப்பா.

பிறகு இரண்டாவது விசில்.

போனில் அழாத அழுகையையெல்லாம் அப்போதுதான் அழுதேன். சித்தப்பா காபியைக் குடித்து முடித்தார்.

விசிலை நான் கொண்டுபோக மாட்டேன். அது அம்மாவிடமே இருக்கட்டும், நன்றாகத்தான் ஊதுகிறாள். நீங்கள் கேட்காவிட்டாலும் ஒரு சத்தியம் செய்கிறேன்: படிப்பு முடிகிற நிறுத்தம் வருவதற்கு முன்னால் இறங்க மாட்டேன்.

கடைசி நிறுத்தம் வரை டிக்கெட் எடுத்துவிட்ட,
உங்கள் மகள்
கோமதி
சங்கரன்கோவில்