நீ மூச்சு வாங்கிய இடம்

ஐந்தாம் குரலாக நின்ற என் அப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கச்சேரி பாடினோம். நீ இல்லாமல் பாடினோம். நன்றாக இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது. வேறு யாரிடம் சொன்னாலும் "நல்லதுதானேம்மா" என்பார்கள். அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு நம்மைத் தெரியாது. உனக்குத் தெரிந்ததையே உன்னிடம் மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் நீ ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாய். கண் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஷீலா அக்கா ஒரு நாள் இத்தாலியப் பாட்டுத் தாள்களை நகல் எடுக்க வந்தார். நீ போனில் யாரிடமோ டோனர் நாளைக்குத்தான் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். அந்தக் குரலைக் கேட்டதும் அவர் தாள்களை மறந்துவிட்டாராம்.

"அண்ணா, நீங்க பாடுவீங்களா?"

"எனக்குப் பாட்டெல்லாம் வராதும்மா. ரெண்டு பக்கமும் போடட்டா, ஒரு பக்கம் போதுமா?"

"பாட வேணாம்ணா, சும்மா கீழ நின்னா போதும். எங்ககிட்ட மேல பாட ஆளு ஜாஸ்தி. கீழ ஆளே இல்ல."

தனியாகப் போக வெட்கப்பட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். அப்போது நான் எட்டாம் வகுப்பு. மாவு மில்லுக்கு மேலே ஷீலா அக்காவின் வீடு. ஞாயிற்றுக்கிழமை மில் ஓடாது. அங்கே ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். நீ எல்லோருக்கும் கீழே ஐந்தாம் குரல் ஆனாய், நான் மூன்றாம் குரல் ஆனேன்.

நாம் பாடியவற்றில் பாதி மாட்ரிகல். சில நூறு வருஷங்களுக்கு முன்பு, மறுமலர்ச்சிக் காலத்தில், இத்தாலியில் நண்பர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாடிய பாட்டுகள். பக்கவாத்தியம் கிடையாது. ஆளுக்கு ஒரு குரல், ஒவ்வொரு குரலுக்கும் வேறு மெட்டு, எல்லாம் ஒரே நேரத்தில். நூலகத்தில் தேடிப் படித்து இதை உனக்கு நான்தான் சொன்னேன்.

நமக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது! பஜனையோ பள்ளிக்கூடப் பிரேயரோ, எல்லோரும் ஒரே மெட்டைச் சேர்ந்து பாடித்தான் நமக்குப் பழக்கம். ஷீலா அக்கா மேலே ஆரம்பித்ததும் எல்லோரும் அவர் பின்னாலேயே போய்விடுவோம். கல்லூரியில் கெமிஸ்ட்ரி எடுக்கும் கரீம் சார் தலையில் அடித்துக்கொள்வார். "ஆட்டு மந்த மாதிரி போறோம்ங்க. ஒரு ஆடாவது வழி மாறிப் போனாதான் இது பாட்டு." நீதான் முதலில் வழி மாறிய ஆடு. ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, உன் வரியில் நின்றாய். அதற்குப் பிறகுதான் நாங்களும் நின்றோம்.

அம்மாவுக்கு நம் பாட்டு பிடித்ததே இல்லை. நான் அர்த்தம் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு பாட்டிலும் ஒரு காதலன் செத்துக்கொண்டே இருப்பான். "வாரா வாரம் ரெண்டு பேரும் போயி எவனையாவது சாவடிச்சிட்டு வர்றீங்க" என்பாள். ஜார்ஜியா நாட்டு விருந்துப் பாட்டு ஒன்றைக் கற்றுக்கொண்ட அன்று நீ வாசலிலேயே சொன்னாய்: "இதுல யாரும் சாவலடி. உக்காந்து சாப்பிடறாங்க." தென்னாப்பிரிக்கா, பல்கேரியா என்று இன்னும் எத்தனை ஊர்ப் பாட்டுகள். பௌர்ணமி ஞாயிறுகளில் கிரிவலக் கூட்டத்தில் ரோட்டைத் தாண்ட முடியாமல் பயிற்சி நின்றுபோனால், நீ சாப்பிடும்போதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே இருப்பாய்.

நாம் கடைசியாகக் கற்ற மாட்ரிகலில் உனக்கு ஒரு நீண்ட வரி இருந்தது. உன் மூச்சு அதற்குப் போதாது. முடியப்போகும் இடத்தில், கடைசிச் சுரத்தில் இறங்குவதற்கு முன்னால், நீ நிறுத்தி மூச்சு வாங்குவாய். அந்த இடைவெளி கேட்காமல் இருக்க, நான் என் சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பேன். நீ வந்து இறங்கியதும் விடுவேன். இதை நாம் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஒருவர் மூச்சு வாங்கும்போது பக்கத்துக் குரல் தாங்கிக்கொள்வது நம் குழுவின் வழக்கம். உன் பக்கத்தில் நின்றது நான்.

அப்புறம் வேட்டவலம் ரோட்டில் அந்த லாரி.

வெகுநாள் யாரும் கூடவில்லை. கூடியபோது, உன் வரியைக் காலியாக விட்டுப் பாடலாமா என்று நான் கேட்டேன். பாடிப் பார்த்தோம். நான்கு குரலும் சரியாக இருந்தன, பாட்டு எங்கே நிற்கிறது என்று மட்டும் தெரியவில்லை. நான் மறுபடியும் அந்தப் புத்தகங்களைப் புரட்டினேன். யார் எந்தக் குரல் பாடினார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. ஒரு குரல் செத்துப்போனால் மற்ற நான்கும் என்ன செய்தன என்று எங்குமே எழுதவில்லை. இத்தனை நூற்றாண்டுகளில் எத்தனை மேசைகளில் ஒரு நாற்காலி காலியாகியிருக்கும்? அவர்கள் என்ன செய்தார்கள், அப்பா?

நாங்கள் செய்தது இது: கீழ்பென்னாத்தூரிலிருந்து முருகதாஸ் அண்ணனைக் கூட்டிவந்தோம். ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். நல்ல மனிதர், நல்ல குரல், பெரிய மூச்சு. உன் நீண்ட வரியை எங்கும் நிறுத்தாமல் பாடி, சரியான நேரத்தில் கடைசிச் சுரத்தில் இறங்கிவிட்டார். நான் மட்டும் பழைய சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டும் மோதிக் கரகரத்தன.

"தேனு, அங்க ஏன் இழுக்கற?" என்றார் ஷீலா அக்கா.

"இழுக்கலக்கா."

மறுபடி பாடினோம். மறுபடி இழுத்தேன். கரீம் சார்தான் மெதுவாகச் சொன்னார். "ஷீலா, அது அவங்கப்பாவோட மூச்சு."

முருகதாஸ் அண்ணன் தாளைக் கீழே வைத்தார். "அவரு எங்க நிறுத்துவாருன்னு சொல்லும்மா. நானும் அங்கியே நிறுத்திக்கறேன். எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல."

சொன்னேன். நிறுத்தினார். நான் தாங்கினேன். அப்பா, அது வெறும் ஓட்டையாக இருந்தது. உனக்கு அந்த மூச்சு வேண்டியிருந்தது. அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அவருக்கே தெரிந்துவிட்டது. "நடிக்கற மாதிரி இருக்கும்மா. அவர கிண்டல் பண்ற மாதிரி இருக்கு."

உன் சட்டைகளை அம்மா கொடுத்துவிட்டாள். கடையை வேறொருவர் எடுத்துக்கொண்டார், அங்கே இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். என் தொண்டையில் இருந்த அந்த ஒரு சுரம்தான் எனக்கு மிச்சம் இருந்தது. கச்சேரியில் அதையும் வெட்டினேன். செங்கம் ரோட்டுச் சின்ன ஹாலில், முன்வரிசையில் அம்மா உட்கார்ந்திருக்க, தாளில் இருக்கிறபடி சரியாக முடித்தேன். பாட்டு ஒரு கீறல் இல்லாமல் மூடிக்கொண்டது. கைதட்டினார்கள். நீ எப்போதாவது இருந்தாய் என்பதற்கு அதில் ஒரு அடையாளமும் இல்லை.

அம்மா நம் பாட்டைக் கேட்க வந்தது அதுதான் முதல் தடவை. திரும்பும்போது ஆட்டோவில் கேட்டாள்: "இதுல உங்கப்பா பாடறது எதுடி?"

"முருகதாஸ் அண்ணன் பாடினாரே, அதும்மா."

"அவரு வாய் அசையறது தெரிஞ்சுது. என்ன பாடினாருன்னு தனியா கேக்கவே இல்ல. காது குடுத்துப் பாத்துட்டேன்."

மறுநாள் காலையில், அவள் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது, தனியாகப் பாடிக் காட்டச் சொன்னாள். உன் சுரங்களுக்கு என் குரல் இறங்காது. மேலே தூக்கிப் பாடினேன். ஒரு சுரம், அதே சுரம், மறுபடி அதே சுரம், கொஞ்சம் இறக்கம், ஒரு ஏற்றம், முடிவு.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதாம்மா."

"இதுக்கா வாரா வாரம் அப்படி ஓடினாரு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். அப்புறம் அவள் சிரிக்கவில்லை. குண்டானில் கரண்டி அப்படியே நின்றது. மற்ற நான்கு குரலும் இல்லாமல் உன் வரி ஒன்றுமே இல்லை என்று அவளுக்கு எப்படி விளக்குவேன்? அது இல்லாமல் எங்கள் நான்கும் ஒன்றுமே இல்லை என்று எப்படிச் சொல்வேன்? அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இன்னொரு வாட்டி பாடு." பாடினேன். "இன்னொரு வாட்டி." அந்த முறை அவளும் என்னோடு முணுமுணுத்தாள். அவள் குரல் என் குரலைவிடக் கீழே போகிறது. எனக்கு அது தெரியாது. உனக்குத் தெரியுமா?

அவளுக்கு உன் வரியைக் கற்றுத் தருகிறேன், அப்பா. அவள் அதில் அசையாமல் நிற்கப் பழகிய அன்று, அவள் பக்கத்தில் நின்று என் வரியைப் பாடுவேன். அது பாட்டு ஆகாது, இன்னும் மூன்று குரல் குறையும். நீயும் வரமாட்டாய். இருந்தாலும் உன் வரி இந்த வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்கும். கச்சேரி முடிந்ததும் இனி மில் மாடிக்குப் போகவே வேண்டாம் என்று நினைத்திருந்தேன்; அதுவரையாவது போவதை நிறுத்தமாட்டேன். இது சத்தியம்.

உன் பக்கத்துக் குரல்,
உன் மகள் தேனு