கல்லிடுக்கில் சிக்கிய பச்சை மீன்

தி.நகர் மண்டபத்தில், அண்ணன் மகள் வரவேற்பில், மேடைக்கு ஊதா விளக்கு போட்டதும் என் மீசை பச்சையாக ஒளிர்ந்தது மச்சி. பத்து நகமும் அப்படியே. ஒரு குழந்தை என்னைப் பார்த்து அழுதது. மாப்பிள்ளையின் அப்பா, "சார் மேஜிக் பண்றவரா?" என்று மரியாதையாகக் கேட்டார். மத்தியானம் தூண்டிலுக்கான பொய்மீனை உப்புத்தாளால் தேய்த்தபோது ஒட்டிய ஒளிர்பொடி, இரண்டு முறை சோப்பு போட்டும் போகவில்லை. எல்லோரோடும் நானும் சிரித்தேன். பிறகு கை கழுவுமிடத்துக்குத் தனியாகப் போய், நகங்களை மறுபடியும் தேய்த்தேன்.

நீ போன பிறகு அந்தப் பொடி டப்பாவை நான் தொட்டதில்லை. இப்போது திறந்திருப்பது என் பெரியவளுக்காக. ஞாயிறு விடியலில் ஆபீஸ் சிநேகிதிகளோடு முகத்துவாரத்துக் கல்லுக்குப் போகிறாளாம், கொடுவா மீன் பிடிக்க. ஆமாம், அதே கல். வேண்டாம் என்றால் சொல்லாமல் போவாள். என் மகள்தானே.

நீ பட்டினப்பாக்கத்தில் மீன்கடை, நான் நந்தனத்தில் கார் பெயிண்டர். கலங்கல் தண்ணீரிலும் கொடுவா கண்ணில் பட வேண்டும் என்று நீ கல்யாண முருங்கைக் கட்டையில் ஆறு பொய்மீன் செதுக்கினாய். நான் வெள்ளை அடித்து, அதன் மேல் ஒளிர்பொடி பூசினேன். அதோடு விட்டேனா? தொழில் புத்தி. காருக்கு மேல்பூச்சாக அடிக்கிற கிளியர் வார்னிஷை இரண்டு கோட் ஏற்றிக் கண்ணாடி மாதிரி ஆக்கினேன். கள்ளநோட்டு பார்க்கிற உன் ஊதா டார்ச்சை அடித்தால் ஆறு மீனும் ஒளிராமல் செத்துக் கிடந்தன. வெயிலின் புற ஊதாக்கதிரைத் தடுப்பதுதான் அந்தக் கிளியரின் வேலையே. அதைச் சொல்லித்தான் முப்பது வருஷமாக என் பிழைப்பு ஓடுகிறது.

"இன்னா மச்சி, மீனு கறுத்துப் பூடும்னு பாக்குறியா? வூட்ல கொட கீது, எட்தாரட்டா?" என்றாய். ஒரு வாரம் உன் கடைப்பக்கம் எல்லோரும் என்னைக் குடைக்காரர் என்றே கூப்பிட்டார்கள்.

அடுத்த முறை பொடியைச் சாதாரணப் பசையில் குழைத்து, அதையே கடைசிப் பூச்சாகப் போட்டேன். ஒன்றே ஒன்று சரியாக வந்தது. டார்ச் பட்டதும் வாழைக்குருத்துப் பச்சை. பெற்ற பிள்ளையைக் காட்டுவது போலக் கடை கடையாகக் காட்டினேன்.

நேற்று மகளுக்காக ஒன்றைப் பூசும்போது மீனின் கண்ணை மூக்கில் வைத்துவிட்டேன். அவள் சிரித்தாள். பாசிக்கல்லில் கால் வைக்காதே, அலைக்கு முதுகு காட்டாதே என்று அடுக்கினேன். "எங்கனா சிக்கிச்சுன்னா தூண்டில் நரம்ப அறுத்துடு. தண்ணில எறங்காத," என்று மூன்று முறை சொன்னேன்.

"எத்தன நாள் வேலைப்பா இது, அறுக்கச் சொல்ற?" என்றாள். அப்புறம் மெதுவாக, "அந்த மாமா எப்படிப்பா விழுந்தாரு?"

பாசி வழுக்கிவிட்டது என்றேன். பொய் இல்லை. ஆனால் அவ்வளவுதான் சொன்னேன்.

அன்று விடிந்தும் விடியாத வெளிச்சம். இரண்டாவது வீச்சிலேயே அந்தப் பச்சை மீன் கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது. நீ இரண்டு தரம் சுண்டிப் பார்த்தாய். வரவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு, "அறுத்துடட்டா மச்சி?" என்றாய். என்னைக் கேட்டாய். கடலில் பிறந்தவன், கார் பெயிண்டரைக் கேட்டாய். நான் நரம்பு போய் மறைகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாய். கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, தூண்டிலை என் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றினாய்.

அறுத்துடு, போனா போவுது, வேற ஒண்ணு பூசித் தரேன் என்று நான் சொல்லவில்லை.