கௌதாரி வேட்டைக்காலம் திறக்கும் நாள்

இஞ்சேருங்கோ,

நாயைத் தேட வேண்டாம். செயின்ட்-மிஷேலுக்கு, அண்ணை வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். அது மோப்பம் பிடித்து எழுப்பாமல் உங்களுக்கு ஒரு கௌதாரியும் அகப்படாது.

போன வருசம் அப்பா செத்தபோது நீங்கள் காட்டில் இருந்தீர்கள். எல்லாம் முடிந்தபின் வந்து, சாவுத் துடக்குக் கழியாத வீட்டின் குசினியில் குந்தியிருந்து கௌதாரி இறகு பிடுங்கினீர்கள். அந்த இறகுகளை நான்தான் கூட்டி அள்ளினேன்.

இன்று அப்பாவுடைய முதலாம் ஆட்டைத் திவசம். அண்ணை வீட்டில் பன்னிரண்டு மணிக்குப் படையல். இடியப்பமும் சொதியும் மேசையில். வேட்டி கட்டிலில். குளித்துவிட்டு வாங்கோ.

கஜந்தினி

வேறு யாருடைய நாயையாவது இரவல் வாங்கிக்கொண்டு வேட்டைக்குப் போவதென்றால், கதவைப் பூட்டி, உங்களிடமுள்ள வீட்டுத் திறப்பைத் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போங்கோ.