ரிஸ்வானுக்குச் சொல்லாத அழைப்பு

ஜூன் 12, வியாழன்

காலையிலிருந்து காற்று. மழை இல்லை. இடது முழங்கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. பட்டி கட்டிக்கொண்டே வேலைக்கு.

ஞாயிறு என் கடைசி மெச். ரக்பியில் பதினாறு வருடம், ஒரே கிளப். அதில் பன்னிரண்டு வருடம் கெப்டன். மத்தியானம் செயலாளர் போன். பெனர் அடித்தாயிற்றாம்: 'விட்டுப் போகாத வீரன்'.

"மெச் முடிஞ்சதும் ரெண்டு வார்த்தை பேசணும் கெப்டன். விசுவாசம்னா என்னான்னு பசங்களுக்குச் சொல்லுங்க."

சரி என்றேன். சோற்றுப் பார்சலை அப்படியே மூடி வைத்தேன்.

செய்ய வேண்டியது: பூட்ஸ் தைக்க. மாமிக்கு மருந்து. பேச்சு.

ஜூன் 13, வெள்ளி

மூன்று தாள் கிழித்தேன். ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள்.

"இத்தன வருஷம் வெளையாடிட்டு சொல்ல ஒண்ணுமே இல்லையா?"

ஒன்று இருக்கிறது. மனைவியிடம்கூடச் சொல்லாதது.

நான் கெப்டனான முதல் வருடம். ரிஸ்வான் என் நெருங்கிய கூட்டாளி. பந்து கோட்டுக்கு வெளியே போனால் திருப்பி எறிவது அவன், குதித்துப் பிடிப்பது நான். கண்டியில் ஒரு பெரிய கிளப்பின் தேர்வுக்குப் போய் வந்தான். அவன் போன் பழுது; என் நம்பரைக் கொடுத்திருந்தான். நாலாம் நாள் அவர்களுடைய கோச் பேசினார். திங்கட்கிழமை அனுப்பச் சொன்னார்.

"அவங்க வாப்பா விடமாட்டாரு சார்" என்றேன். அந்த அப்பாதான் அவனைத் தேர்வுக்கே கூட்டிப் போனவர்.

அவன் போனால் எங்களிடம் வேறு ஆள் இல்லை. அவ்வளவுதான் காரணம்.

ஒரு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தான். "கண்டியிலருந்து போன் கோல் வந்திச்சா மச்சான்?" "இல்லடா."

அந்த சீசன் ஒரு மெச்சும் தோற்கவில்லை. அடுத்த வருடம் ரிஸ்வான் விளையாட்டையே விட்டுவிட்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

ஜூன் 14, சனி

டவுனில் ரிஸ்வானின் மிளகுக் கடை. பல்லேபொலவிலிருந்து வந்த மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தான். பிளேன்டீ வரவழைத்தான். குடிக்கும் முன் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும்.

மூட்டையின் தையலை இழுத்துப் பார்த்தான்.

"எத்தன நாள்ல கோல் வந்திச்சி?"

"நாலு நாள்ல."

"நான் சரியில்லன்டுதான் நெனச்சேன். அதான் விட்டேன்."

அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருக்கலாம்.

"நீ போ அந்தோனி." மச்சான் என்று சொல்லவில்லை. பிளேன்டீ அப்படியே ஆறிப்போயிருக்கும். ஸ்டெல்லாவிடமும் சொன்னேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

மைதானம் ஈரம். 17–15, வென்றோம். ரிஸ்வான் வரவில்லை. பசங்கள் தோளில் தூக்கினார்கள். முழங்கால் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டேன். மைக்கைக் கையில் திணித்தார்கள்.

"நான் கிளப்புக்கு விசுவாசமா இருந்தேன். என் கூட்டாளிக்கு இருக்கல. அவனக் கூப்பிட்டாங்க, நான்தான் மறைச்சேன். உங்கள யாராவது கூப்பிட்டா, கெப்டன்கிட்ட கேக்காம போங்க."

கைதட்டல் அங்கொன்று இங்கொன்று. செயலாளர் பெனரைப் பார்த்தார், பிறகு தரையை.

வீட்டுக்கு வந்து காலுக்கு ஐஸ் வைத்தபோது ரிஸ்வானிடமிருந்து மெசேஜ்.

"அந்த கோச் வேற என்ன சொன்னாரு? முழுசா சொல்லு."

ஒரு சொல்லும் மறக்கவில்லை. அப்படியே அடித்து அனுப்பினேன்: 'இவ்வளவு சுத்தமா எறியிற ஒருத்தன நான் பாத்ததில்ல. எப்படியாவது அனுப்பி வைங்க.'

பார்த்துவிட்டான். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐஸை மாற்றினேன்.